உங்களுக்குத் தெரியுமா? கத்தரி பிடித்த கை சும்மா இருக்காது!

கோயமுத்தூரில் செவ்வாய்க்கிழமை கட்டிங்குக்குக் கிளம்பி, மூடின ஷட்டரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறீர்களா? தமிழ்நாட்டில் பெரும்பாலான சலூன்களுக்கு அன்றுதான் வார விடுமுறை. மீதி ஆறு நாளும் அந்தச் சுழல் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவர்கள் என்னவெல்லாம் சாதித்திருக்கிறார்கள் என்று தோண்டினோம். வைத்தியம், வாசிப்பு, வாழ்த்து, புரட்சி... அள்ள அள்ள வருகிறது! துண்டைப் போர்த்திக்கொண்டு உட்காருங்கள், ஆரம்பிக்கலாம்!

நம்ம ஊரு மில்லுக்கு மூலவர்!

கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று மார்தட்டுகிறோமே, அந்த நூற்பாலைத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் யார்? ரிச்சர்ட் ஆர்க்ரைட். இங்கிலாந்தின் போல்டன் ஊரில் சவரக்கடை வைத்திருந்தவர்!

சவரம் செய்தார். விக் செய்து விற்றார். 1769ல் நூற்பு எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1771ல் கிராம்ஃபோர்டில் தண்ணீர் விசையில் ஓடும் பஞ்சாலையைத் தொடங்கினார். கோவையில் ஸ்டேன்ஸ் மில் வந்தது 1888ல். சவரக்கடைக்காரர் நம்மை முந்தியது 117 வருஷம்!

இன்னொன்று கேளுங்கள். ஆர்க்ரைட்டுக்குப் பள்ளிப் படிப்பு கிட்டத்தட்ட இல்லை. கோடீஸ்வரரான பிறகு, ஐம்பது வயதைத் தாண்டியபின், தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் இலக்கணம் படித்தார். எழுத்தைத் திருத்த இன்னொரு மணி நேரம்!

கல்யாணம்னா இவர்தான் முக்கியம்!

கொங்கு வேளாளர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறீர்களா? மணமக்களுக்கு முன்னால் எழுந்து நின்று ‘மங்கல வாழ்த்து’ பாடுகிறவர் யார் என்று கவனித்தீர்களா? ஊர் நாவிதர்! கொங்கு வழக்கில் அவருக்குக் ‘குடிமகன்’ என்று பெயர்!

அந்த வாழ்த்தை இயற்றியது யாராம்? கம்பர்! அப்படித்தான் கொங்கு மரபு அடித்துச் சொல்கிறது!

கல்யாணத்தில் நடக்கிற சீர் ஒவ்வொன்றும் அந்தப் பாட்டுக்குள்ளேயே வரிசையாக வந்துவிடும். பெண் பார்ப்பதில் தொடங்கி முடிவு வரை, மொத்தக் கல்யாணமும் ஒரே பாட்டில்!

பாடுகிறவர் சில அடிகள் சொல்லி நிறுத்துவார். உடனே மேளத்தில் ஓர் அடி விழும்! மறுபடி பாட்டு, மறுபடி அடி. பந்தலில் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்துவிடுவார்!

தலைமுறை தலைமுறையாக அப்பாவிடமிருந்து மகன் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்த பாட்டு இது. கத்தரி பிடித்த கைக்குள் ஒரு வாய்மொழி இலக்கியமே பத்திரமாக இருந்திருக்கிறது!

கனடா நாட்டு மானுடவியலாளர் பிரெண்டா பெக், 1960களில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ந்தார். கொங்குச் சமூகத்தைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1972ல் வந்தது. நம் நாவிதரும் அதில் இடம்பிடித்துவிட்டார்!

குலதெய்வக் கோயிலில் குழந்தைக்கு முதல் மொட்டை. தாய்மாமன் மடியில் குழந்தை. சுற்றிலும் பெரிய கும்பல். வீல் வீல் என்று அழுகிற தலையில் ஒரு கீறல்கூட விழாமல் கத்தியை இறக்கி முடிக்க வேண்டும். பரீட்சை என்றால் இதுதான் பரீட்சை!

அந்தக் காலத்தில் முடிவெட்டின அன்றே காசு கிடையாது. அறுவடை முடிந்ததும் களத்துமேட்டில் தானியமாகக் கூலி! அதுவரை வருஷம் முழுக்கக் கடன் கணக்குத்தான். அடப்பத்தை, அதாவது சவரக் கருவிப் பையை, தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவர், நல்லதுக்கும் போனார், கெட்டதுக்கும் போனார்!

சவரக்கத்தி பிடித்த டாக்டர்கள்!

தமிழ்நாட்டு நாவிதர்களுக்கு ‘மருத்துவர்’ என்றும் பெயர் உண்டு. சும்மா வைத்த பெயர் இல்லை. கட்டி கீறியதும், புண்ணுக்கு மருந்து போட்டதும், நாடி பிடித்ததும் அவர்கள்தான்!

வீட்டுக்காரம்மா மட்டும் சும்மாவா? பிரசவம் பார்த்த மருத்துவச்சி அவர்தான்! ஊரில் பிறந்த குழந்தையை முதலில் கையில் ஏந்தியவர் மனைவி, முதல் மொட்டை போட்டவர் கணவர்!

லண்டனிலும் இதே கதை! 1540ல் எட்டாம் ஹென்றி மன்னர் சவரத் தொழிலாளர்களையும் அறுவை மருத்துவர்களையும் ஒரே சங்கத்தில் சேர்த்துவிட்டார். பிரிந்தது 1745ல். 205 வருஷக் கூட்டுக்குடித்தனம்!

நவீன அறுவை சிகிச்சையின் முன்னோடி ஆம்ப்ரவாஸ் பாரே, சவரத் தொழிலாளியாகப் பயிற்சி எடுத்தவர். பிரான்ஸின் எத்தனை மன்னர்களுக்கு வைத்தியம் பார்த்தார் தெரியுமா? நான்கு பேருக்கு!

வெளிநாட்டுச் சலூன் வாசலில் சிவப்பு வெள்ளைக் கம்பம் சுழலுமே, அது அழகுக்கு வைத்தது என்றா நினைத்தீர்கள்? சிவப்பு என்றால் ரத்தம், வெள்ளை என்றால் கட்டுத்துணி!

நம்ம ஊர்ச் சலூனில் அடுத்த முறை முடிதிருத்துநரின் கையைக் கவனியுங்கள். புது பிளேடைக் காகிதத்தோடு நடுவில் மடக்கி ‘டக்’கென்று இரண்டாக உடைப்பார். பாதியைக் கத்தியில் செருகுவார். உங்கள் கண் முன்னால்தான் உடைக்க வேண்டும், ஒருவருக்குப் போட்டது அடுத்தவருக்குக் கூடாது. ரத்தத்தில் பரவும் நோய்களுக்கு அந்த அரை பிளேடு போடுகிறது ஒரு தடை!

சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்க்கிற படிகாரக் கட்டி இருக்கிறதே, சுருக்கென்று எரியுமே! சின்னக் கீறலில் கசிகிற ரத்தத்தை அது நிமிடத்தில் நிறுத்திவிடும். அலமாரியில் கிடக்கிற கல்லுக்குள் முதலுதவி!

கட்டிங்குக்குப் போனால் பிரஷர் குறையும்!

ஜோக் இல்லைங்க, நிஜம்! அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் 52 சலூன்கள். ரத்த அழுத்தம் எகிறிய 319 கறுப்பின வாடிக்கையாளர்கள். முடிவெட்டுகிற இடத்துக்கே மருந்தாளுநர்கள் வந்து பிரஷர் பார்த்து மருந்து எழுதினார்கள்.

ஆறே மாதம். மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியது! முடிவெட்டுபவர் வெறும் அறிவுரை மட்டும் சொன்ன கடைகளில் இறங்கியது 9 புள்ளிதான். உலகின் பெரிய மருத்துவ இதழ்களில் ஒன்று 2018ல் இதை வெளியிட்டது!

அங்கே ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் 100க்கு 63 பேருக்கு மேல். அறிவுரைக் கடைகளில் 100க்கு 12 பேர்கூட இல்லை!

இங்கிலாந்தின் டார்க்கீ நகர முடிதிருத்துநர் டாம் சாப்மன், தற்கொலையில் ஒரு நண்பரைப் பறிகொடுத்தார். 2015ல் ‘லயன்ஸ் பார்பர் கலெக்டிவ்’ அமைப்பைத் தொடங்கினார். வேலை? மனம் உடைந்தவரைக் கண்டுகொள்ள, பேச்சுக் கொடுக்க, காது கொடுக்க, உதவிக்கு வழிகாட்ட முடிதிருத்துநர்களுக்குப் பயிற்சி! டாக்டரிடம் திறக்காத வாய் சலூனில் திறக்கிறதாம்!

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சட்டமே போட்டுவிட்டார்கள்! வீட்டில் அடிபடுகிற பெண்ணை அடையாளம் காண்பது எப்படி என்று அழகுக்கலைஞர்கள் பயிற்சி எடுத்தாக வேண்டும். 2017 ஜனவரி 1 முதல் அமல். பயிற்சி ஒரே ஒரு மணி நேரம்!

ஏன் இவர்கள்? தலையில் கை வைக்கிறவருக்குத்தானே முடிக்குள் மறைந்திருக்கிற காயம் தெரியும்!

மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ, ஐவரி கோஸ்ட், பக்கத்திலுள்ள கேமரூன் நாடுகளிலும் இதே ஐடியா. மனநல மருத்துவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் பெண்களுக்குத் தலை பின்னுகிறவர்களே மனநலத் தூதர்கள்! பின்னி முடிக்கப் பல மணி நேரம் ஆகும். பேச வேறென்ன வேண்டும்?

சலூனா, லைப்ரரியா?

தூத்துக்குடி மில்லர்புரத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். பொன்மாரியப்பன் சலூன். கண்ணாடி இருக்கிறது, கத்தரி இருக்கிறது, சுவரோடு அலமாரி நிறையப் புத்தகமும் இருக்கிறது! முறை வருகிற வரை எடுத்துப் படிக்க வேண்டியதுதான்!

படித்தால் என்ன கிடைக்கும்? கட்டிங் கட்டணத்தில் தள்ளுபடி! உலகத்தில் எந்த நூலகராவது படிக்கிறவருக்குக் காசு விட்டுக்கொடுத்து நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

இவர் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் படிக்க வீட்டில் வசதி இல்லை!

2020 அக்டோபர் 25. ‘மன் கீ பாத்’ வானொலி நிகழ்ச்சியில் பிரதமர் மோடி இவரைத் தமிழில் நலம் விசாரித்தார். பிடித்த புத்தகம் எது என்று கேட்டார். பதில்: திருக்குறள்!

அன்றைக்கு என்ன நாள் தெரியுமா? சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை! கத்தரிக்கும் பொட்டு, புத்தகத்துக்கும் பொட்டு!

நியூயார்க்கில் ஆல்வின் இர்பி என்ற ஆசிரியருக்கும் இதே யோசனை. சலூனில் காத்திருக்கும் சிறுவர்கள் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள்? ‘பார்பர்ஷாப் புக்ஸ்’ தொடங்கி, கடை கடையாகக் கதைப் புத்தகம் வைத்துவிட்டார்!

நம் கொங்கு மண்ணுக்கு இதெல்லாம் பழசுங்க! 1925 மே 2ல் ஈரோட்டில் ‘குடி அரசு’ பத்திரிகை பிறந்தது. பின்னால் திராவிட இயக்கப் பத்திரிகைகள் ஊர் ஊராகப் படிக்கப்பட்ட இடங்கள் எவை? டீக்கடை, சைக்கிள் கடை, சலூன்! ஒருவர் உரக்கப் படிப்பார், எழுதப் படிக்கத் தெரியாதவரும் அரசியல் பேசிக்கொண்டு எழுந்து போவார்!

பிள்ளைகளைப் படிக்கவைத்த கத்தரி!

லண்டன் கோவன்ட் கார்டன் பகுதியில் ஒரு முடிதிருத்துநர். மகன் வரைகிற படங்களைக் கடை ஜன்னலில் மாட்டி விற்றார். விலை சில ஷில்லிங். அந்தப் பையன்தான் பிரிட்டனின் மாபெரும் ஓவியர் டர்னர்!

உத்தரப் பிரதேசத்தின் ஒரு குக்கிராமம். அப்பா படுத்த படுக்கையானார். ஜோதி, நேஹா என்ற இரண்டு மகள்கள் 2014ல் கத்தரியைக் கையில் எடுத்தார்கள். பெண் என்று தெரிந்தால் ஆட்கள் வரமாட்டார்களே? முடியைக் கத்தரித்துக்கொண்டு, பையன்களைப் போல உடுத்திக் கடையை நடத்தினார்கள், படிப்பையும் விடவில்லை!

2019ல் அவர்களிடம் சவரம் செய்துகொள்ள ஒரு வாடிக்கையாளர் வந்தார். பெயர் சச்சின் டெண்டுல்கர்! பிறரிடம் சவரம் செய்துகொண்டது அவருக்கு அதுதான் முதல் முறையாம்!

மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் சாந்தாபாய் யாதவ். 1980களில் கணவர் இறந்தார். நான்கு பெண் குழந்தைகள். ஊர் சிரித்தது. அவர் கத்தியைத் தீட்டினார். இந்தியாவின் முதல் பெண் நாவிதர் என்று இன்று கொண்டாடுகிறார்கள். நான்கு மகள்களையும் அந்தக் கத்தியே கரையேற்றியது!

உலகப் புகழ்பெற்ற சிகையலங்காரக் கலைஞர் விடால் சசூன் சின்ன வயதில் ஏழு வருஷம் வளர்ந்தது அநாதை இல்லத்தில்! பின்னால் சம்பாதித்த பணத்தில் 1982ல் ஜெருசலேம் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு மையத்தையே தொடங்கிவைத்தார்!

துணி வெளுத்துப் பிழைத்த கறுப்பினப் பெண் மேடம் சி.ஜே. வாக்கர், கூந்தல் தைலம் விற்றுப் பெரும் பணக்காரர் ஆனார். 1917ல் தன் விற்பனைப் பெண்களுக்கு மாநாடு நடத்தினார். அதிகம் விற்றவருக்குப் பரிசு, சரி. ஊருக்கு அதிகம் தர்மம் செய்தவருக்கும் பரிசு!

நம் அரசும் சும்மா இல்லை. முடிதிருத்துவோருக்குத் தமிழ்நாட்டில் தனி நல வாரியமே உண்டு. பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகையும் உண்டு! பதிந்திருக்கிறார்களா என்று உங்கள் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள்!

கலைஞர் கைவினைத் திட்டத்தின் 25 தொழில்களில் சிகையலங்காரமும் ஒன்று. 3 லட்சம் ரூபாய் வரை கடன், 50,000 ரூபாய் வரை மானியம். வயது 35 ஆகியிருக்க வேண்டும்!

வெட்டின முடியும் வீணாகாது!

2020 பிப்ரவரியில் கோவையின் ஒரு தனியார் கல்லூரி. 80 மாணவிகள் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். கூந்தலை வெட்டிக் கொடுத்தார்கள். யாருக்கு? புற்றுநோய் சிகிச்சையில் முடி இழந்தவர்களுக்கு!

முடி மாதத்துக்குச் சுமார் அரை அங்குலம்தான் வளரும். பத்து அங்குலம் கொடுத்தால், கொடுத்தது கிட்டத்தட்ட 20 மாத வளர்ச்சி!

அமெரிக்காவின் ‘லாக்ஸ் ஆஃப் லவ்’ அமைப்பு ஒரே ஒரு விக் செய்ய எத்தனை பேர் ஜடை வேண்டும் என்கிறது தெரியுமா? 6 முதல் 10 வரை!

கோவையின் ‘ஈர நெஞ்சம்’ அமைப்பு தெருவோரம் கிடப்போரை மீட்கிறது. முதல் வேலை என்ன? சடை பிடித்த முடியை வெட்டுவது, தாடியை மழிப்பது, குளிப்பாட்டுவது! அரை மணி நேரத்தில் ஆளே மாறிவிடுவார். முகம் தெரிந்த பிறகுதானே சொந்தக்காரர் அடையாளம் காண முடியும்!

லண்டனின் ஜோஷுவா கூம்ப்ஸ் 2015 முதல் தெருவில் வசிப்போருக்குக் காசு வாங்காமல் முடி வெட்டுகிறார். சலூன் எது? நடைபாதைதான்!

1989ல் அலாஸ்கா கடலில் கப்பல் எண்ணெய் கொட்டியது. அலபாமாவில் டிவி பார்த்துக்கொண்டிருந்த முடிதிருத்துநர் ஃபில் மெக்ரோரிக்கு, எண்ணெயில் ஊறிய நீர்நாயின் ரோமம் கண்ணில் பட்டது. கடையில் கூட்டிய முடியை மனைவியின் காலுறையில் அடைத்து, மகன் விளையாடும் சின்ன நீச்சல் தொட்டியில் எண்ணெய் ஊற்றிச் சோதித்தார். இரண்டே நிமிடத்தில் தண்ணீர் தெளிந்தது! பிறகு நாசா சோதித்துப் பார்த்தது!

2020 ஆகஸ்டில் நம் தமிழர் வாழும் மொரீஷியஸ் தீவுக் கடலில் எண்ணெய் கொட்டியபோது, ஜனங்கள் என்ன செய்தார்கள்? முடியை வெட்டிக் கொடுத்தார்கள்! கூந்தல் அணை கட்டிக் கடலைக் காக்க இறங்கிவிட்டார்கள்!

பழனியில் மொட்டை போடக் கட்டணம் கிடையாது, தெரியுமா? 2021 செப்டம்பர் முதல் அறநிலையத் துறைக் கோயில்களில் முடிக்காணிக்கை இலவசம். மொட்டை போடுகிற தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை!

கத்தி முனையில் சமத்துவம்!

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார முடிதிருத்துநர் காந்திக்கு முடிவெட்ட மறுத்துவிட்டார். காந்தி கத்தரியை வாங்கிக்கொண்டு வந்து தானே வெட்டிக்கொண்டார். பின்பக்கம் கோரம்! கோர்ட்டில் நண்பர்கள் எலி கடித்ததா என்று கேட்டுச் சிரித்தார்கள்!

காந்திக்குக் கோபம் வந்ததா? இல்லை! நம் நாட்டில் தீண்டாமையின் பெயரால் இதைத்தானே செய்கிறோம், அதற்குக் கிடைத்த கூலி என்று எழுதிவைத்தார்!

சாதி சொல்லி முடிவெட்ட மறுப்பது சட்டப்படி குற்றம். 1955ல் வந்த சட்டம். இன்னமும் சில ஊர்களில் வழக்குப் பதிவாகிறது என்றால் பாருங்கள்!

புத்தரின் சீடர் உபாலி ஒரு நாவிதர். சாக்கிய இளவரசர்கள் துறவு வாங்க வந்தபோது, உபாலிக்கு முதலில் கொடுங்கள் என்றார்கள். ஏன்? முன்னால் துறவியானவரைப் பின்னால் வந்தவர் வணங்க வேண்டும். இளவரசர்களின் தலை நாவிதர் காலில்!

அதே உபாலிதான் ராஜகிருகத்தில் நடந்த முதல் பௌத்தப் பேரவையில் சங்க விதிகள் மொத்தத்தையும் ஒப்பித்தார்!

1699ல் சீக்கிய குரு கோவிந்த் சிங், தலையைத் தர யார் தயார் என்று கேட்டபோது எழுந்து வந்த ஐந்து பேரில் ஒருவர் சாகிப் சிங். ஊர், இன்றைய கர்நாடகத்தின் பீதர். தொழில், சவரம்!

‘மண்டேலா’ படம் பார்த்தீர்களா? யோகி பாபு முடிதிருத்துநர். கையில் ஒரே ஒரு ஓட்டு. அதை வைத்து ஊருக்கே வசதி செய்யவைக்கிறார்! 2021ல் வந்த படம், கிடைத்தது இரண்டு தேசிய விருது!

நாற்காலியிலிருந்து நாற்காலிக்கு!

பீகாரில் ஒரு நாவிதர் வீட்டுப் பையன். பெயர் கர்பூரி தாக்கூர். 1967ல் கல்வி அமைச்சர். ஆங்கிலத்தில் தேறினால்தான் மெட்ரிக் பாஸ் என்றிருந்ததைத் தூக்கிக் கடாசினார். ஏழைப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பாஸ்!

முதலமைச்சர் நாற்காலி ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை! 1978ல் அவர் கொண்டுவந்த இடஒதுக்கீடு 26 சதவீதம்!

மறைந்தது 1988ல். பாரத ரத்னா வந்தது 2024ல். 36 வருஷம் லேட்!